பேஸ் கிட்டாரில் மேஜர் ஸ்கேல்: சுண்டுவிரல் எட்டவில்லை, ஸ்ட்ரிங் எல்லாம் சேர்ந்து ஒலிக்கிறது

நாலுதந்தி:

வணக்கம். என்னிடம் இருப்பது 34 அங்குல பேஸ் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம் 34 அங்குலம்), நாலு ஸ்ட்ரிங், தடித்ததிலிருந்து மெல்லியதுவரை வழக்கமான ஈ-ஏ-டி-ஜி ட்யூனிங். ஜி மேஜர் ஸ்கேல் பழகுகிறேன். ஈ ஸ்ட்ரிங்கில் 3, 5வது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பியும் அதற்குப் பின்னால் விரல் வைக்கும் இடமும்). ஏ ஸ்ட்ரிங்கில் 2, 3, 5. டி ஸ்ட்ரிங்கில் 2, 4, 5. விரல்கள் 2-4, 1-2-4, 1-3-4. ஆட்காட்டி விரல் 1, சுண்டுவிரல் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஃப்ரெட் என்பது மனப்பாடம். ஆனாலும் சில இடங்களில் மாட்டிக்கொள்கிறேன். நாலு விரலையும் நாலு ஃப்ரெட்டில் விரித்து வைத்தால் ஐந்தே நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. அடுத்த ஸ்ட்ரிங்குக்குப் போகும்போது முந்தைய ஸ்ட்ரிங் அடங்காமல் முழங்குகிறது. ஏறும்போது வலது கை ஒழுங்காக வருகிறது, இறங்கும்போது எந்த விரல் என்று குழம்புகிறது. 80 பிபிஎம் (நிமிடத்துக்கு 80 அடி) தாண்டினால் சரிந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே போய்க் கீழே வருவதைத் தவிர இந்த ஸ்கேலை வைத்து ஒரு பாட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை.

கர்நாடக வாய்ப்பாட்டில் வரிசைகள் வரை தெரியும். ஸ்வரமாகவே நினைத்துப் பழகலாமா, அல்லது அது குழப்புமா?


அடிநாதம்:

முதலில் வலி. அதைச் சரிசெய்யாமல் மற்ற எதையும் தொடாதீர்கள்.

34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டின் அகலம் 1.9 அங்குலம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அது 1 அங்குலம்தான். நீங்கள் கை வைத்திருக்கும் 2 முதல் 5 வரையிலான நாலு ஃப்ரெட் இடம் மொத்தம் 6.6 அங்குலம். அதே ஸ்கேலை 7 முதல் 10 வரை வாசித்தால் 5 அங்குலத்துக்குள் முடிந்துவிடும். அதாவது பழக ஆரம்பிக்கும் கைக்கு மிகக் கஷ்டமான இடத்திலேயே நீங்கள் ஆரம்பித்திருக்கிறீர்கள். பெரும்பாலான பாடங்கள் ஜி மேஜரில் தொடங்குவதால் வரும் வினை இது.

ஆகவே அதே விரல்களோடு சி மேஜருக்கு மாறுங்கள்: ஈ-8, ஈ-10, ஏ-7, ஏ-8, ஏ-10, டி-7, டி-9, டி-10. (ஈ-8 என்றால் ஈ ஸ்ட்ரிங்கில் 8வது ஃப்ரெட்.) இங்கே கை தளர்வாக நின்ற பிறகு, வாரத்துக்கு ஒரு ஃப்ரெட் வீதம் கீழே இறக்குங்கள். சி, பிறகு பி, பிறகு பி ஃப்ளாட் என்று போய் ஜி-க்கு வருவதற்குள் கை தானாக விரியப் பழகியிருக்கும்.

கட்டைவிரலைப் பாருங்கள். கழுத்தின் பின்புறம் நடுவிரலுக்கு நேர் எதிரே அதன் சதைப்பகுதி பட வேண்டும். மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு கழுத்தைக் கவ்விப் பிடித்தால் உள்ளங்கை கழுத்தோடு ஒட்டிவிடும். அப்புறம் சுண்டுவிரல் எட்டவே எட்டாது. ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் திருகுகள் இருக்கும் கழுத்து நுனி) பக்கம் தோள் உயரத்துக்கு வரும்படி கழுத்தைச் சற்று மேல்நோக்கிச் சாயுங்கள். தரைக்கு இணையாகப் பிடித்தால் மணிக்கட்டு மடிந்தே தீரும். உட்கார்ந்து வாசித்தாலும் ஸ்ட்ராப் மாட்டிக்கொள்ளுங்கள். எழுந்து நின்றாலும் பேஸ் அதே உயரத்தில் இருக்கும்படி அதன் நீளத்தை வையுங்கள்.

அடுத்தது அழுத்தம். ஏ-7ல் விரலைச் சும்மா வைத்து, வலது கையால் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் 'டப்' என்று செத்த ஓசை வரும். மெல்ல அழுத்தம் கூட்டினால் 'ட்ர்ர்' என்று அதிரும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் சட்டென்று சுத்தமான சுரம் வரும். அந்த இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு கிராம்கூடத் தேவையில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் இதைவிடப் பல மடங்கு அழுத்துகிறார்கள். மணிக்கட்டு வலிக்குப் பாதிக் காரணம் விரிப்பது அல்ல, இந்த வீண் அழுத்தம்.

கீழ் ஃப்ரெட்டுகளில் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்ற விதியையே விட்டுவிடலாம். டபுள் பேஸ்காரர்கள் கீழ்ப் பகுதியில் 1-2-4 விரல்களால் மூன்று அரைச்சுர இடத்தை மட்டும் பிடிப்பார்கள். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாகச் சேர்ந்தே அழுத்தும். அதே முறையில் ஜி மேஜரை இப்படி வாசித்துப் பாருங்கள்: ஈ-3, திறந்த ஏ (ஃப்ரெட் எதையும் அழுத்தாமல்), ஏ-2, ஏ-3, திறந்த டி, டி-2, டி-4, திறந்த ஜி. கை 2 முதல் 4 வரையிலான மூன்று ஃப்ரெட்டைத் தாண்டவே இல்லை. 2வது ஃப்ரெட்டுக்கு 1, 3வதுக்கு 2, 4வதுக்கு 4. வலியில்லாமல் முதல் நாளே வந்துவிடும். ஆனால் திறந்த ஸ்ட்ரிங்கை நம்பியிருப்பதால் இந்தத் தடத்தை அப்படியே நகர்த்தி ஏ ஃப்ளாட்டில் வாசிக்க முடியாது. அதற்குத் திறந்த ஸ்ட்ரிங் இல்லாமல் நீங்கள் எழுதிய மூடிய தடம்தான் வேண்டும். இரண்டும் கைவசம் இருக்கட்டும்.

விரல் மரத்துப்போனாலோ கூசினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.


ரவுண்ட்வூண்ட்:

ப்ரோ, முழங்குவதும் வலது கைக் குழப்பமும் தனித்தனி பிரச்சினை போலத் தெரியும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: எந்த விரல் எங்கே ஓய்வெடுக்கிறது என்பது உங்கள் கைக்குத் தெரியவில்லை.

ஆட்காட்டி விரலை ஆ, நடுவிரலை ந என்று வைத்துக்கொள்வோம். விரல் ஸ்ட்ரிங்கைப் பிடுங்கி மேலே தூக்கக் கூடாது. ஸ்ட்ரிங்கைக் கடந்து போய் அதற்கு அடுத்த தடித்த ஸ்ட்ரிங்கில் மோதி நிற்க வேண்டும். டி ஸ்ட்ரிங்கை வாசித்த விரல் ஏ ஸ்ட்ரிங்கில் வந்து சாய்ந்திருக்கும். அந்த ஏ ஸ்ட்ரிங் அப்போதே அடங்கிவிட்டது, பாருங்கள். பாதி ம்யூட்டிங், அதாவது வேண்டாத ஸ்ட்ரிங்கை அடக்குவது, இலவசம்.

ஏறும்போது ஈ-யில் ஆ ந, ஏ-யில் ஆ ந ஆ, டி-யில் ந ஆ ந. மாறி மாறி, அவ்வளவுதான். இறங்கும்போதும் அப்படியே மாற்ற வேண்டும் என்று நினைப்பதால்தான் குழம்புகிறது. டி-யில் ஆ ந ஆ வாசித்து முடித்தவுடன் ஆட்காட்டி விரல் ஏற்கெனவே ஏ ஸ்ட்ரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு நடுவிரலைக் கொண்டுவருவானேன்? அப்படியே இழுத்துவிடுங்கள். ஏ-யில் ஆ ந ஆ. மறுபடி ஈ-க்கு இழுப்பு, ஈ-யில் ஆ ந. மேல் ஜி-யை இரண்டு முறை வாசித்தால் ஏறுவதில் எட்டு, இறங்குவதில் எட்டு, மொத்தம் பதினாறு. கடைசியில் ந முடிவதால் அடுத்த சுற்று மறுபடி ஆ-வில் தொடங்கும். ஒரு வாரத்தில் கை இதை மறக்காது.

இழுப்பில் ஒரு ஆபத்து உண்டு. இழுத்து வாசிக்கிற சுரம் எப்போதும் கொஞ்சம் முந்தி வரும், ஏனென்றால் கை ஒரே அசைவில் இரண்டு சுரத்தையும் முடித்துவிடப் பார்க்கும். முதல் ஸ்ட்ரிங்கைத் தட்டியதும் அடுத்த ஸ்ட்ரிங்கில் விரல் *நிற்க வேண்டும்*. மெட்ரோனோமின் (தாளம் தட்டும் கருவி) க்ளிக் வரும்வரை அங்கேயே காத்திருந்து பிறகு இழுங்கள். மெதுவாகப் பழகுவது இந்த ஒரு காத்திருப்புக்காகத்தான்.

மாறி மாறி வாசிப்பது சட்டமா என்று யாராவது கேட்பார்கள். இல்லை. டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் பதிவுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தவர். ஆனால் வேக ஸ்கேலுக்கு இரண்டு விரல் என்பது சுலபமான வழி. முதலில் அது வரட்டும்.

மீதிப் பாதி ம்யூட்டிங்: வலது கட்டைவிரலை பிக்கப்பிலேயே (ஸ்ட்ரிங்குக்குக் கீழே ஒலியைப் பிடிக்கும் காந்தப் பெட்டி) ஒட்டவைத்திருப்பதை விடுங்கள். ஈ வாசிக்கும்போது பிக்கப்பில் இருக்கட்டும். ஏ-க்குப் போனால் கட்டைவிரல் ஈ ஸ்ட்ரிங்கின் மேல் வந்து உட்காரட்டும். டி-க்குப் போனால் கட்டைவிரலின் நுனி ஏ-யிலும் அதன் பக்கவாட்டுச் சதை ஈ-யிலும் சாயட்டும். கை மொத்தமும் ஸ்ட்ரிங்கோடு சேர்ந்து நகர்வதால் விரல்களின் கோணமும் மாறாது. எல்லா ஸ்ட்ரிங்கிலும் ஒரே மாதிரி ஒலி வரும்.

மெல்லிய ஸ்ட்ரிங்குகளை இடது கை பார்த்துக்கொள்ளும். ஆட்காட்டி விரலை வில் மாதிரி வளைக்காமல் சற்றுப் படுக்கவைத்தால் அதன் அடிப்பகுதி டி, ஜி இரண்டையும் லேசாகத் தொட்டு அடக்கும். ஒரு சுரம் முடிந்ததும் விரலை ஃப்ரெட்போர்டை விட்டுத் தூக்காதீர்கள். அழுத்தத்தை மட்டும் விடுங்கள், தோல் ஸ்ட்ரிங்கைத் தொட்டபடியே இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: 5, 7, 12 ஆகிய ஃப்ரெட் கம்பிகளுக்கு நேர் மேலே ஒற்றை விரல் பட்டால் ஸ்ட்ரிங் அடங்காது, 'டிங்' என்று ஹார்மானிக் (மணி போன்ற மேல்சுரம்) அடிக்கும். இரண்டு விரலாவது படவேண்டும்.

சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு சோதனை. ஸ்கேலின் எட்டு சுரத்தையும் ஒவ்வொன்றும் அரை க்ளிக் ஒலித்து அரை க்ளிக் மௌனமாக இருக்கும்படி வாசியுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த மௌனத்துக்குள் என்னென்ன ஸ்ட்ரிங் முனகுகிறது என்பது பளிச்சென்று தெரியும்.


ஏகசுருதி:

ஸ்வரமாக நினைப்பது குழப்பாது. பேஸுக்கு அது மிகப் பெரிய உதவி. நாலு தந்தியும் ஒன்றுக்கொன்று மத்திமம் தள்ளி, அதாவது ஸ-வுக்கு ம1 என்ற ஒரே இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டவை (எண் அந்த ஸ்வரத்தின் வகை, எண் கூடினால் சுருதி உயரும்). ஆறு தந்தி கிட்டாரில் ஜி-க்கும் பி-க்கும் இடையில் இது உடைந்துவிடும், பேஸில் எங்கேயும் உடையாது. அதனால் ஒரு முறை கற்ற வரைபடம் எந்தக் கட்டையிலும் செல்லும்.

எந்த ஃப்ரெட்டை வேண்டுமானாலும் ஸ என்று வையுங்கள். அடுத்த மெல்லிய தந்தியில் அதே ஃப்ரெட் ம1. அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் முன்னே ப. ஒரு ஃப்ரெட் பின்னே க3. அதற்கும் அடுத்த தந்தியில், ஸ இருந்த அதே ஃப்ரெட் நி2, ஒன்று முன்னே நி3, இரண்டு முன்னே மேல் ஸ, ஒன்று பின்னே த2. தடித்த தந்தி பக்கம் போனால் அதே ஃப்ரெட்டில் மந்திர (கீழ் ஸ்தாயி) ப கிடைக்கும். பேஸ் வாசிப்பில் அதிகம் பயன்படும் ஸ்வரம் ஸ-வுக்கு அடுத்து அந்த மந்திர ப-தான், விரலைப் படுக்கவைத்தாலே போதும்.

1 கட்டை, அதாவது சி-யில் சோதித்துப் பாருங்கள். ஏ-3 ஸ என்றால் டி-3 ம1, டி-5 ப, டி-2 க3, ஜி-2 த2, ஜி-4 நி3, ஜி-5 மேல் ஸ, ஈ-3 மந்திர ப. மேஜர் ஸ்கேல் என்று நீங்கள் வாசிப்பது சங்கராபரணத்தின் ஸ்வரஸ்தானங்கள் என்பது இதற்குள் பிடிபட்டிருக்கும்.

இதன் பெரிய லாபம், மற்ற ஸ்கேல்களைத் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தை ஒரு ஃப்ரெட் நகர்த்துங்கள். சங்கராபரணத்தில் நி3-ஐ நி2 ஆக்கினால் ஹரிகாம்போஜி, மேற்கத்திய இசைக்காரர்கள் மிக்ஸோலிடியன் என்பது. அதில் க3-ஐ க2 ஆக்கினால் கரகரப்பிரியா, டோரியன். அதில் த2-ஐ த1 ஆக்கினால் நடபைரவி, நேச்சுரல் மைனர். அதில் ரி2-ஐ ரி1 ஆக்கினால் தோடி, ஃப்ரிஜியன். திரும்பி வந்து சங்கராபரணத்தில் ம1-ஐ ம2 ஆக்கினால் கல்யாணி, லிடியன். ஒவ்வொன்றிலும் எந்த விரல் நகர்ந்தது, காதுக்கு என்ன மாறியது என்பதை நின்று கேளுங்கள். க3 க2 ஆகும் அந்த ஒரு ஃப்ரெட்டில்தான் மேஜரும் மைனரும் பிரிகின்றன.

நடபைரவிக்கு ஆட்காட்டி விரலில் தொடங்கவேண்டும். 6 கட்டையில், அதாவது ஏ-யில்: ஈ-5, 7, 8, ஏ-5, 7, 8, டி-5, 7. விரல் 1-3-4, 1-3-4, 1-3. கையே நகராது. மேஜருக்கு நடுவிரல், மைனருக்கு ஆட்காட்டி என்று நினைவில் வைத்தாலே பாதித் தவறு போய்விடும். ஐந்து ஸ்வரங்களில் மோகனம் மேஜர் பென்டடானிக்: ஜி-யில் ஈ-3, 5; ஏ-2, 5; டி-2, 5. சுத்த தன்யாசி மைனர் பென்டடானிக்: ஏ-யில் ஈ-5, 8, ஏ-5, 7, டி-5, 7.

ஒரு எச்சரிக்கை. வரிசைகளை நாம் மாயாமாளவகௌளையில் கற்றோம் என்பதற்காக பேஸிலும் அதில் தொடங்காதீர்கள். சி-யில் ஸ ஏ-3 என்றால் த1 டி-6ல் இருக்கிறது, அல்லது ஜி-1ல். கை நிற்பது 2 முதல் 5 வரை. இரண்டுமே ஒரு ஃப்ரெட் வெளியே. அதற்குக் கை நகர்ந்தே ஆகவேண்டும். கையின் நிலை உறுதிப்படாத நேரத்தில் இது வேண்டாம். சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் சங்கராபரணத்தில் வாசியுங்கள். ஜண்டையில் ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு முறை வருவதால் வலது கைக்கு ஆ-ந, ஆ-ந என்று தெளிவான பயிற்சி. பிறகு ஸக ரிம கப மத பநி தஸ் என்று தாண்டித் தாண்டி. 'தடம் மனப்பாடம்' என்பது உண்மையா என்று இது சொல்லிவிடும்.

வாசிக்கும்போது வாயால் ஸ்வரம் பாடுங்கள், தம்பூரா ஆப்பில் 1 கட்டையை ஓடவிடுங்கள். இன்னொன்று, இதெல்லாம் ஸ்வரஸ்தானங்கள் மட்டுமே. தோடியின் க2-வை அசைக்காமல் ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்துவிட்டு அது தோடி என்று சொல்ல முடியாது. 1951ல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த முதல் எலெக்ட்ரிக் பேஸுக்கு ப்ரிசிஷன் என்று பெயர் வைத்ததே, ஃப்ரெட் இருப்பதால் சுரம் பிசகாமல் விழும் என்பதற்காக. கமகத்துக்கு ஆன கருவி அல்ல அது. நமக்கு இங்கே வேண்டியது வரைபடம்.


நாலுதந்தி:

மிக்க நன்றி. 7வது ஃப்ரெட் பக்கம் போனதும் வலி காணாமல் போய்விட்டது. ஆட்காட்டி விரலால் இழுப்பதும் மெதுவான வேகத்தில் வருகிறது. இரண்டு சந்தேகம். டி-9ல் மோதிர விரல் வைக்கும்போது மட்டும் 'ட்ர்ர்' என்று அதிர்கிறது. அது பேஸின் குறையா, என் குறையா? இன்னொன்று, மூடிய தடத்தைக் கீழ் ஃப்ரெட்டில் 1-2-4 வைத்து வாசிப்பது எப்படி? ஏ-2, 3, 5க்கு நாலு ஃப்ரெட் தேவைப்படுகிறதே.


அடிநாதம்:

அதே டி-9ஐ ஆட்காட்டி விரலால் அழுத்தி வாசியுங்கள். அதிர்வு போய்விட்டால் பேஸில் குறையில்லை. மோதிர விரல் ஃப்ரெட்டின் நடுவில் விழுகிறது என்று அர்த்தம். விரல் நுனி உலோகக் கம்பிக்குச் சற்றுப் பின்னால், கிட்டத்தட்ட அதை உரசிக்கொண்டு இருக்கவேண்டும். நடுவில் அழுத்தினால் அதே சுரத்துக்கு இன்னும் அதிக பலம் தேவைப்படும், மோதிர விரலுக்கு அவ்வளவு பலம் கிடையாது. கம்பிக்கு நேர் மேலே போய்விட்டாலும் தப்பு, ஒலி மந்தமாகிவிடும்.

ஆட்காட்டி விரலிலும் அதிர்ந்தால் செட்டப்பைப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் மட்டும் அதிர்வு இருந்தால் கழுத்து தேவைக்கு மேல் நேராக இருக்கலாம். ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தி, 7வது, 8வது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, ஏறத்தாழ 0.3 மி.மீ., இருக்கவேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) தளர்த்த வேண்டும், அதுவும் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பக் கூடாது. பழக்கமில்லை என்றால் கிட்டார் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். எல்லா ஃப்ரெட்டிலும் அதிர்ந்தால் பாலத்தில் (உடலில் ஸ்ட்ரிங் தாங்கி நிற்கும் பகுதி) ஸ்ட்ரிங் உயரம் குறைவு. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால், அதற்கு அடுத்த ஃப்ரெட் கம்பி மேலெழும்பியிருக்கலாம்.

1-2-4 கேள்விக்கு: கையை விரிப்பதற்குப் பதில் சாய்க்கிறீர்கள். ஏ-2க்கு 1, ஏ-3க்கு 2. பிறகு கட்டைவிரல் இருந்த இடத்திலேயே நிற்க, அதை அச்சாக வைத்து மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து ஒரு ஃப்ரெட் முன்னே உருளட்டும், 4 வந்து ஏ-5ல் விழும். இந்த நேரத்தில் 1 ஏ-2லேயே ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை, விட்டுவிடுங்கள். வலிக்குக் காரணமே பழைய சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு புதியதை எட்டுவதுதான். டி-2க்கு மறுபடி பின்னே சாய்ந்து 1, டி-4க்கு 4, அதே 4 கையோடு சேர்ந்து டி-5க்கு நகரும். சுரங்களுக்கு நடுவே துண்டு விழாமல் இருக்க, விரல் ஸ்ட்ரிங்கை விட்டுத் தூக்காமல் அதன் மேலேயே வழுக்கிப் போகட்டும்.

ரவுண்ட்வூண்ட் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.


ரவுண்ட்வூண்ட்:

5வது ஃப்ரெட்டுக்குக் கீழே முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேலே விரலுக்கு ஒரு ஃப்ரெட்தான், அங்கே சாய்ப்பது வீண் அசைவு. 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் வைத்திருப்பவர்களுக்குக் கீழேயும் நாலு விரல் தாராளமாக எட்டும்.


ரூட்நோட்:

இந்த ஸ்கேலை வைத்து பாட்டில் என்ன செய்வது என்ற கேள்விக்கு யாரும் வரவில்லை. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி.

பாட்டில் பேஸ்காரரின் வேலை, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) மாறும் இடத்தில் அதன் ரூட்டை, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் சுரத்தை, சரியான நேரத்தில் இறக்குவது. ஒரு ரூட்டிலிருந்து அடுத்த ரூட்டுக்குப் போகும் பாதைதான் ஸ்கேல். அதனால் சி-யில் தொடங்கி சி-யில் முடியும் ஏணியாக மட்டும் பழகினால், பாட்டில் கை எப்போதும் சி-யையே தேடும்.

சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற நாலு கார்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு அடி. கை 2 முதல் 5 வரையிலான ஃப்ரெட்டிலேயே நிற்கட்டும். எங்கும் நகரத் தேவையில்லை.

சி: ஏ-3, ஏ-3, ஈ-3, ஏ-2.
ஏ மைனர்: ஈ-5, ஈ-5, ஏ-3, டி-2.
எஃப்: டி-3, டி-3, ஏ-3, ஈ-5.
ஜி: ஈ-3, ஈ-3, ஏ-5, ஏ-2.
மறுபடி சி.

சுரமாகச் சொன்னால் சி சி ஜி பி, ஏ ஏ சி ஈ, எஃப் எஃப் சி ஏ, ஜி ஜி டி பி. முதல் இரண்டு அடி ரூட். மூன்றாவது அடி அந்தக் கார்டுக்குள்ளேயே இருக்கும் வேறொரு சுரம். நாலாவது அடியை மட்டும் உற்றுப் பாருங்கள்: ஒவ்வொன்றும் அடுத்த ரூட்டுக்கு ஸ்கேலில் பக்கத்து வீட்டுச் சுரம். பி-யிலிருந்து ஏ, ஈ-யிலிருந்து எஃப், ஏ-யிலிருந்து ஜி, பி-யிலிருந்து சி. அந்த நாலாவது அடி கேட்பவரின் காதை அடுத்த கார்டுக்குத் திருப்பிவிடுகிறது. சி மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்கள் மட்டும்தான் இதில் இருக்கின்றன, ஆனால் ஸ்கேல் வாசிப்பது போலவே ஒலிக்காது.

இது வந்த பிறகு மூன்றாவது அடியை மாற்றுங்கள், பிறகு நாலாவதை எதிர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவாருங்கள். எஃப்-க்கு ஈ-யிலிருந்து ஏறுவதற்குப் பதில் ஜி-யிலிருந்து இறங்குவது, அதாவது டி-5ல் இருந்து டி-3. செய்யக் கூடாதது ஒன்று: மேஜர் கார்டு ஓடும்போது முதல் அடியில் ம1-ஐ நீட்டிப் பிடிக்காதீர்கள். கீபோர்டோ கிட்டாரோ வாசிக்கும் க3-யோடு அது அரைச்சுரத்தில் உரசும். கடந்து போகிற சுரமாக வந்தால் தொந்தரவு இல்லை.

வேகம் பற்றி. 80க்கு மேல் சரிகிறது என்றால், 60ல் ஒரு க்ளிக்குக்கு இரண்டு சுரம் வைத்து, மேலே ரவுண்ட்வூண்ட் சொன்ன பதினாறு சுரத்தை வாசியுங்கள். சரியாக எட்டு க்ளிக், ஒரு ஆதி தாள ஆவர்த்தனம். மேல் ஸ-வை ஒரு முறையும் கீழ் ஸ-வை ஒரு முறையும் மட்டும் வாசித்தால் சுற்று பதினாலாகி, ஸ ஒவ்வொரு முறையும் வேறு க்ளிக்கில் விழும். அதுவும் நல்ல பயிற்சிதான், ஆனால் பிறகு. தொடர்ந்து மூன்று சுற்று பிசிறில்லாமல் வந்தால் 4 பிபிஎம் கூட்டுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை தப்பினால் 8 குறையுங்கள். தப்பும் இடம் அநேகமாக ஸ்ட்ரிங் மாறும் இடமாகத்தான் இருக்கும். முழு ஸ்கேலையும் திரும்ப வாசிக்காமல் அந்த நாலு சுரத்தை மட்டும், உதாரணமாக ஏ-8, ஏ-10, டி-7, டி-9, சுழற்றிச் சுழற்றி வாசியுங்கள்.

80ல் உறுதியானதும் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில், 40ல் வைத்து, அந்த க்ளிக்கை இரண்டாவது, நாலாவது அடியாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் அடி உங்கள் பொறுப்பாகிவிடும். முந்துகிறீர்களா பிந்துகிறீர்களா என்பது உடனே வெளிப்படும்.

அப்புறம், ஆம்ப் இல்லாமல் பழகாதீர்கள். திறந்த ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். ப்ளக் செய்யாத பேஸில் அது காதுக்கு எட்டாமல், கேட்பதற்காகவே வலது கை ஓங்கி அடிக்கப் பழகிவிடும். ஃபோன் ஸ்பீக்கரில் பதிவைக் கேட்டாலும் மேல் ஹார்மானிக்குகள்தான் கேட்கும், அடிச்சுரம் கேட்காது. சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் போதும்.


நாலுதந்தி:

சி, ஏ மைனர், எஃப், ஜி வாசித்துப் பார்த்தேன். ஸ்கேல் என்பது இதற்குத்தானா என்று இருக்கிறது. ஒரே ஒரு இடம்: ஏ மைனரின் கடைசி டி-2லிருந்து எஃப்-இன் டி-3 போகும்போது முதல் சுரம் நின்று, சின்ன இடைவெளி விழுகிறது.


ரூட்நோட்:

டி-2க்கு 1 வைத்திருப்பீர்கள், டி-3க்கு அதையே நகர்த்துகிறீர்களா? 2 வையுங்கள். டி-2 ஒலிக்கும்போதே நடுவிரல் டி-3க்கு மேல் காத்திருக்கட்டும், 1-ஐத் தூக்காமலே 2-ஐ அழுத்தலாம், ஏனென்றால் உயர்ந்த ஃப்ரெட்தான் ஒலிக்கும். இடைவெளி மறைந்துவிடும். எதிர்த்திசையில், டி-3லிருந்து டி-2க்கு வரும்போது, 1 முன்கூட்டியே டி-2ல் அழுத்தித் தயாராக இருக்கவேண்டும், பிறகுதான் 2-ஐ எடுக்கவேண்டும்.